எதிர்காற்றில் 17 மணி நேரம்

ஜூலை 3

மகளும் பேரனும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வழியாக வருகிறார்கள். டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். சிங்கப்பூர் வர ஏறத்தாழ 17 மணி நேரம், திரும்பிப் போக 15 என்று போட்டிருக்கிறது. “ஒரே தூரந்தான? வரும்போது மட்டும் சுத்திக்கிட்டா வாராவ?” என்று கேட்டாள் அவள் அம்மா. நியாயமான கேள்வி.

ஜூலை 5

அலமாரி மேலிருந்த உலக உருண்டையை இறக்கித் துடைத்தேன். பூக்கட்டுகிற நூலை இரண்டு ஊரிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால், அது பசிபிக்கின் நடுவே போகவில்லை. வடக்கே ஏறி, ஜப்பான் பக்கமாக வந்து, அப்புறம்தான் கீழே இறங்குகிறது. சுவர்ப் படத்தில் பார்த்தால் இது வீண் சுற்று. உருண்டையில் இதுதான் குறுக்கு வழி. சுமார் 13,600 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வைத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தாலும் பதினைந்தரை மணி நேரம்தான்.

மிச்சமெல்லாம் காற்றின் வேலை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓயாமல் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர் 1920களிலேயே பலூன் விட்டு அதை அளந்திருக்கிறார். ஆலங்குளத்துக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்கு எதிரே தென்காசிக்கு சைக்கிள் மிதித்தால் நுரை தள்ளிவிடும். திரும்பும்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே வண்டி ஓடும்.

ஜூலை 9

காலை 11.30க்கு விமானம் கிளம்பிவிட்டது. அங்கே அப்போது 8ஆம் தேதி இரவு 11. சிங்கப்பூரில் இறங்கும்போது 10ஆம் தேதி காலை. பசிபிக்கின் நடுவே நாள் மாறுகிற தேதிக்கோட்டைத் தாண்டுவதில் 9ஆம் தேதி அவர்களுக்கு இல்லாமலே போகிறது.

ஜூலை 10

சென்னை வந்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். இனி நெல்லைக்கு வெறும் 650 கிலோமீட்டர். வந்தே பாரத்தே ஏழே முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. வாகைக்குளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு, விமானம் உண்டு. ஆனால் உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான், இவர்களிடமோ நாலு பெரிய பெட்டி. கடல் தாண்டி வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் கடைசித் துண்டுதான் பாடு. எனக்கு இது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடைசியில் தாம்பரத்தில் அத்தை வீட்டில் குளித்து, சாப்பிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினார்கள்.

ஜூலை 11

ஜங்ஷனில் இறங்கும்போது பேரன் முகமெல்லாம் வீங்கியிருந்தது. “எய்யா, கண்ணு செவந்து கெடக்கே” என்று ஆச்சி அள்ளிக்கொண்டாள். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். ராத்திரி அவன் தூங்கப்போவதில்லை. வீட்டுக்கு வந்து இட்லி தின்றதும் திரும்பிப் போகிற கணக்கைக் கேட்டான். சிங்கப்பூரில் காலை 9 மணிக்கு ஏறினால், சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போதும் அதே தேதி, அதே காலை 9 மணி என்றேன். நம்பவில்லை. உருண்டையைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மாவிடம் கேட்கப் போயிருக்கிறான்.