ஜாப்ளினில் இரண்டு சனிக்கிழமைகள்

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்போது நாங்கள் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில்லில் இருந்தோம். மிசூரியின் ஜாப்ளின் அங்கிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம்தான், வார இறுதியில் சும்மா போய்வரும் ஊர். ஐந்தே முக்கால் வாக்கில் டொர்னேடோ என்னும் சுழல்காற்று ஊருக்குள் புகுந்து, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு வழித்துக்கொண்டு போனது. இரவெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஊரின் பெரிய மருத்துவமனைக் கட்டடத்தில் ஏறக்குறைய எல்லா ஜன்னல்களும் உடைந்துபோயிருந்தன. மின்சாரம் போய், மூச்சுக்கருவியில் இருந்த நோயாளிகள் இறந்ததைக் கேட்டபோது என் மனைவி டிவியை அணைத்துவிட்டாள்.

உடனே கிளம்பத்தான் தோன்றியது. ஆனால் முதல் சில நாட்கள் மீட்புப் படைக்கானவை, நாம் போனால் வழியைத்தான் அடைப்போம் என்று அலுவலக நண்பர் தடுத்தார். சரி என்று சனிக்கிழமை வரை பொறுத்தேன்.

தன்னார்வலர் பதிவு மிசூரி சதர்ன் பல்கலைக்கழகத்தில். பெயர், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண், ஒரு கையெழுத்து, கையில் ஒரு பட்டை, அப்புறம் பஸ். அங்கே டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ஸ்போர்ட்ஸ் ஷூவில் போகாதீர்கள். மரச்சட்டம் ஒவ்வொன்றிலும் ஆணி மேல்நோக்கி நிற்கும், எனக்கு முன்னால் நடந்த பையனுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே பாதத்தில் ஏறிவிட்டது.

வேலை எளிமையானதுதான். இடிபாட்டைத் தள்ளுவண்டியில் அள்ளித் தெருவோரம் கொட்ட வேண்டும். மரம் தனி, கூரை, செங்கல் தனி, பெயின்ட் டப்பாவும் பேட்டரியும் தனி. ஃப்ரிட்ஜை மட்டும் திறக்கவே கூடாது, டேப் சுற்றி அப்படியே தள்ள வேண்டும். மரங்கள் பட்டை உரிந்து வெள்ளையாக நின்றன. தெருப் பெயர்ப் பலகைகளே இல்லாததால் சாலையில் பெயின்டால் எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரின் வீடு, அதாவது வெறும் தரை மட்டும்தான். அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. டொர்னேடோ எச்சரிக்கையாக முதல் சைரன் ஒலித்து நின்றபோது ஒன்றும் வராது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். இரண்டாவது முறை ஒலித்ததும் குளியலறைத் தொட்டிக்குள் படுத்து மேலே மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டாராம். சைரன் வராத ஊர் இல்லை அங்கே, வசந்த காலத்தில் அது காதுக்குப் பழகிப்போகும், எனக்கும் பழகித்தான் போயிருந்தது.

பக்கத்து மனையையும் சுத்தம் செய்யலாமா என்று பெரியவர் கேட்டார். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது என்றார் எங்கள் குழுத் தலைவி. அந்த வீட்டு அம்மாவைப் பற்றி அதுவரை தகவலே இல்லை. காணாமல் போனவர்கள் என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்திருந்தன, அதில் பலர் பிறகு உயிரோடு கிடைத்தார்கள். ஆனால் உடலை நேரில் பார்த்து அடையாளம் சொல்ல விடவில்லை. ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக கைரேகை, பல், டிஎன்ஏ மூலம்தான். அந்த முறை சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் தினமும் காலையில் பட்டியலைப் பார்த்துவிட்டு வரும் அந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

அவர் மனையில் வந்து விழுந்திருந்த அந்த அம்மாவின் பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். ஒற்றைச் செருப்பு, கைப்பட எழுதிய சமையல் குறிப்புகள், கண்ணாடிக் கூடு, ஒரு குழந்தையின் நனைந்த போட்டோ. போட்டோவை நான் சட்டையிலேயே துடைத்து, காய்வதற்காகக் கவிழ்க்காமல் மேலே வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். அதற்குள் எல்லாப் பெயர்களுக்கும் விடை தெரிந்திருந்தது. டொர்னேடோ நேரடியாகப் பலிகொண்டவர்கள் 158 பேர் என்பது பின்னால் உறுதியான கணக்கு. பெரியவரின் மனை பெருக்கிவிட்டது போல இருந்தது. அட்டைப்பெட்டியைக் காணோம். அந்த அம்மாவின் மகன் வெளி மாநிலத்திலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போனாராம். அந்தப் போட்டோவில் இருந்த குழந்தை அவர்தானாம்.