இடுப்பெலும்பு முறிவு: பட்டை கட்டியதும் அவிழ்த்ததும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் என் மனைவியின் தம்பி ஓட்டி வந்த பைக்கை டிப்பர் லாரி ஒன்று இடித்துவிட்டது. வெளியே சொல்லும்படி காயம் இல்லை. "இடுப்பு மட்டும் தாங்க முடியல மாமா" என்றான். கூடியிருந்தவர்கள் தூக்கி உட்கார வைக்கப் போனார்கள். ஆம்புலன்சில் வந்த நர்ஸ், "ஆரும் பொக்கண்டா!" (யாரும் தூக்க வேண்டாம்) என்று மலையாளத்தில் அதட்டினார்.

இடுப்பை அவர் அமுக்கியோ ஆட்டியோ பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்த செல்போனையும் சாவியையும் எடுத்தார். பெட்ஷீட்டை அகலமாக மடித்து, முழங்காலுக்கு அடியில் நுழைத்து மெல்ல மேலே இழுத்தார். தொடையின் வெளிப்பக்கம் மேலே புடைத்திருக்கும் எலும்பை விரலால் தொட்டுப் பார்த்து, சரியாக அதன்மேல் துணியை வைத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்க, முறுக்கிக் கட்டினார். அப்புறம் முழங்கால்களையும் பாதங்களையும் சேர்த்துக் கட்டினார். பேன்ட் பெல்ட் போடும் இடத்தில் கட்டினால் முறிந்த எலும்பு சரியாகச் சேராது என்று அப்போதுதான் தெரிந்தது.

கோவைக்குக் கொண்டுபோனதும் பெட்ஷீட்டுக்குப் பதில் கயிற்றை இழுத்து இறுக்கும் பட்டையைப் போட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமில ஊசியும் போட்டார்கள். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்றார்கள்.

எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. "அதான் ஒண்ணுமில்லையே, அவுத்து விடச் சொல்லுங்க மாப்பிள்ளை, புள்ள துடிக்கிறான்" என்று அத்தை அழுதார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்பக்கம் விரிந்துகொண்டால், பின்பக்கச் சிரை ரத்தக்குழாய்களிலிருந்தும் உடைந்த எலும்பிலிருந்தும் லிட்டர் கணக்கில் ரத்தம் உள்ளேயே தேங்கும். பட்டை வளையத்தை மூடிப் பிடித்திருப்பதால்தான் படம் நன்றாகத் தெரிகிறது. அவிழ்த்தால் உறைந்த ரத்தமும் கலையும்.

சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்த அழுத்தம் நிலைக்கு வந்த பிறகு, டாக்டரே பக்கத்தில் நின்று பட்டையைத் தளர்த்தி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். முன்னால் எலும்புகள் விலகி நின்றது அதில் பளிச்சென்று தெரிந்தது. அத்தை வாயடைத்துப் போனார்.

பட்டையை அப்படியே நாள்கணக்கில் விடவும் கூடாது. அழுத்தத்தில் தோல் புண்ணாகிவிடும். நர்ஸ்கள் அடிக்கடி ஓரத்தில் தோலைப் பார்த்தபடி இருந்தார்கள். அறுவை சிகிச்சையில் பிளேட் வைத்தார்கள். பல வாரம் காலை ஊன்ற விடவில்லை. இப்போது தோப்புக்குப் போய் வருகிறான். குனிந்து தேங்காய் பொறுக்கத்தான் இன்னும் சிரமப்படுகிறான்.