மனைக்கல் நடும் முன் குழி வெட்டிப் பாருங்கள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிப் பாசன நஞ்சைகள் வேகமாக மனைகளாகி வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்ற வயலில் கோடையில் கிராவல் அடித்து ரோடு போட்டுவிட்டால், பார்க்க மேட்டு நிலம் போலத்தான் இருக்கும். வாங்குபவர்கள் பட்டா, வில்லங்கம், டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் எல்லாம் சரிபார்க்கிறார்கள். மண்ணைப் பார்ப்பதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கழிவுநீரையும் அந்தந்த மனையின் மண்தான் குடித்தாக வேண்டும். அது குடிக்குமா என்பதை மனை பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், வீடு கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

முதலில் புலப்படமும் (நிலத்தின் அளவை வரைபடம்) அ-பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு). நஞ்சையா புஞ்சையா, வாய்க்காலோ ஓடையோ குறுக்கே போகிறதா, மேலே இருக்கும் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் உபரித் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். வாய்க்காலைத் தூர்த்திருந்தாலும் மழைத் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடி வரும்.

அடுத்து ஜே.சி.பி. வைத்து ஏக்கருக்கு ஒரு குழியாவது எட்டுப் பத்து அடி ஆழத்துக்கு எடுக்க வேண்டும். பள்ளமான மூலையில் கட்டாயம் ஒன்று. குழியின் சுவரை மண்வெட்டியால் சீவிவிட்டுப் பாருங்கள். மேலே சிவந்த கிராவல். அதற்குக் கீழே நெல் வேர் கலந்த கறுத்த பட்டை, அதுதான் பழைய வயல் தரை. அதற்கும் கீழே சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தது போல ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால், அந்த மட்டம் வரை ஆண்டுதோறும் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்று பொருள். சித்திரை வெயிலிலும் இந்த அடையாளம் அழியாது. ஒரு பிடி மண்ணை நனைத்துக் கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் உடையாமல் நீண்டால் கெட்டிக் களிமண்.

பிறகு நீர் உறிஞ்சும் சோதனை. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்லும் முறை இது: உறிஞ்சு குழியின் (கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) அடி வரவிருக்கும் ஆழத்தில் 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் ஒரு துளை. பக்கங்களைக் கீறிவிட்டு, அடியில் 5 செ.மீ. பொடி ஜல்லி போட்டு, அதற்கு மேல் 30 செ.மீ. தண்ணீர் நிறுத்தி ஓர் இரவு ஊறவிட வேண்டும். இந்த ஊறலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கோடையில் களிமண் வெடித்திருக்கும், ஊற்றியதெல்லாம் வெடிப்பில் இறங்கி அருமையான மண் போலக் காட்டும். மழையில் மண் உப்பி வெடிப்பு மூடியதும் ஒரு சொட்டு இறங்காது. மறுநாள் தண்ணீரை 15 செ.மீ. மட்டத்தில் நிறுத்தி, அரை மணியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள்.

204ஐ அந்த நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் ஏற்கும் லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு நாளில் ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 675 லிட்டர் கழிவுநீர். செம்மண் சரளையில் 4 நிமிடம் என்றால் 6.6 சதுர மீட்டர் போதும். 2 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் பயன்படு ஆழமும் உள்ள ஒரே குழியின் பக்கச் சுவர் 9.4 தரும். 30 நிமிடம் என்றால் 18 சதுர மீட்டர், அதாவது இரண்டு குழி. 30க்கு மேல் போனால் குழி வேண்டாம், கழிவுநீரை மண்ணில் பரப்பிவிடும் பரப்பு வாய்க்கால்தான். 60ஐத் தாண்டினால் அந்த மண்ணை நம்பாதீர்கள்; பொதுச் சுத்திகரிப்பு வேண்டும்.

கிராவல் நிரப்பின் மேல் சோதித்து ஏமாறாதீர்கள். நிரப்பு வேகமாகக் குடிக்கும், பழைய களித் தரையில் முட்டி நிற்கும். பிறகு பக்கவாட்டில் ஊர்ந்து அடுத்த வீட்டு அஸ்திவாரத்திலோ ரோட்டோரத்திலோ கசியும்.

கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது 59 அடி தள்ளி உறிஞ்சு குழி இருக்க வேண்டும் என்பது அதே தரநிலை. 40க்கு 60 அடி மனையில் இது எப்படி முடியும்? சுவரிலிருந்து மூன்றடி விட்டு ஒரு மூலையில் போர் (ஆழ்துளைக் கிணறு), எதிர் மூலையில் ஆறரை அடி குழி என்று வைத்தாலும் இடைவெளி சுமார் 56 அடிதான். பக்கத்து வீட்டுப் போர் இன்னும் நெருக்கம். இரண்டாயிரத்து நானூறு சதுர அடியாகப் பிரிக்கும் இடத்தில் வீட்டுக்கொரு போர் சரிவராது என்றே நினைக்கிறேன். மேட்டுப் பக்கம் ஒரு பொதுக்கிணறு, அங்கிருந்து குழாய். இல்லையென்றால் மனையைப் பெரிதாக்குங்கள். லேஅவுட் வரையும்போது எளிதாகச் செய்துவிடலாம், விற்ற பிறகு யாராலும் செய்ய முடியாது.

மழைநீர் வடிகாலுக்கு 200க்கு 1 சரிவு என்று வைத்தால், 100 மீட்டரில் அரை மீட்டர் இறங்க வேண்டும். அதைவிட முக்கியமானது வடிகால் போய்ச் சேரும் ஓடை. ஓடைக்கரையில், மரத்தில் வெள்ளம் விட்ட கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று லெவல் கருவியால் எடுத்து, மிகத் தாழ்ந்த மனையின் மட்டத்தோடு ஒப்பிடுங்கள். கறை மேலே இருந்தால் அந்த வடிகால் வழியாகவே ஓடைத் தண்ணீர் உள்ளே வரும். அந்த மனைகளைப் பூங்காவுக்கோ குட்டைக்கோ ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரிக்கலாம்.