மூன்றாவது சொம்பு

"பிறந்த ரெண்டாம் நாளே இவனுக்கு வலிப்பு வந்திருச்சுங்க." என் மகனை எந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றாலும், ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக நான் முதலில் சொல்லிவந்த வாக்கியம் இதுதான். அது பிழையான வாக்கியம் என்பதும், அந்தப் பிழையால் அவன் ஓராண்டு தேவையில்லாத மருந்தைக் குடித்தான் என்பதும், கோவையில் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவர் பழைய காகிதம் ஒன்றை விரித்துப் படித்த நாளில்தான் எனக்குத் தெரிந்தன. அவனுக்கு உண்மையில் என்ன நோய் என்பதும் அதே அறையில் அரைமணி நேரத்துக்குள் தெரியவந்தது. அதற்குப் பெயர் சொன்னவர் மருத்துவர். கண்டுபிடித்தவர் என் அம்மா.

சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதமே திருப்பூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கிக் கொடுத்து, மாதந்தோறும் இரத்த அழுத்தமும் எடையும் பார்த்துக் குறித்துவைத்ததில் எந்தக் குறையும் இல்லை. 2017 மே மாதம் ஓர் இரவு பனிக்குடம் உடைந்தபோது நீர் பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று சொல்லி, 108 வண்டியில் வந்தவர்கள் சுற்றி வளைக்காமல் பெரிய மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். பதினாறு மணி நேர வலிக்குப் பிறகு கருவி வைத்து எடுத்தார்கள். அழுகுரல் உடனே கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை ஆண்டுகள் மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாம் நாள் மாலை, சூடேற்றும் படுக்கையான வார்மரில் கிடந்த குழந்தையின் கையும் காலும் வெடுக்வெடுக்கென்று ஆடின. கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்த அம்மா "வெட்டு வந்திருச்சு" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினார். அன்றிரவே அது அப்பாவுக்கும், திருப்பூரில் என் கணவரின் அம்மாவான அத்தைக்கும், அங்காளி பங்காளி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்த செவிலியர் செய்தது வேறு. ஆடுகிற காலை மெதுவாகப் பிடித்தார், ஆட்டம் நின்றது. விட்டார், மறுபடி ஆடியது. குதிகாலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார், 28தான் இருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது தந்த காகிதத்தில் இவை அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தோம். படித்துப் பார்க்கவில்லை. நான் வணிகவியல் முதுகலை படித்தவள் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பதினான்காம் மாதத்தில் காய்ச்சலோடு ஒரு வலிப்பு வந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வருவதுண்டு என்பதும், உடல் முழுவதும் வெட்டிப் பதினைந்து நிமிடத்துக்குள் தானாக அடங்கி அதே நாளில் மறுபடி வராவிட்டால் அதைச் சாதாரண வகையாகக் கொள்வார்கள் என்பதும், அத்தகைய வலிப்புக்குத் தினசரி மருந்து பொதுவாகத் தேவைப்படுவதில்லை என்பதும் இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். பிறந்ததிலிருந்தே வலிப்பு என்று கேட்ட பிறகு எந்த மருத்துவர் துணிந்து மருந்தில்லாமல் அனுப்புவார்? ஃபீனோபார்பிடோன் சிரப் ஓராண்டுக்கு எழுதினார். அந்த ஓராண்டும் பிள்ளை ஓர் இடத்தில் உட்காரவில்லை, இரவில் தூங்கவில்லை, கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தான். வால்தனம் என்று நாங்கள் அவனைத்தான் திட்டினோம். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய சில வாரங்களில் அவன் வேறு பிள்ளையாகிவிட்டான்.

பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் எதுவும் இல்லை.

2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஆண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதான் எண்ணெய்க் குளியல் என்பதில் அம்மா விட்டுக்கொடுக்கமாட்டார். தென்னை மட்டையும் பன்னாடையும் வைத்து எரித்த வென்னீர் அடுப்பில் செப்புத் தவலை நிறையச் சுடுதண்ணீர், தலையில் நல்லெண்ணெய், கிண்ணத்தில் கரைத்த அரப்பு. துவைகல்லில் பேரனை உட்காரவைத்துச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றத் தொடங்கினார். முதல் சொம்புக்குச் சிரித்தான். இரண்டாவதற்கு "இன்னும் ஊத்துங்க அம்மிச்சி" என்றான். மூன்றாவது சொம்பு விழுந்ததும் பேச்சு நின்றது. கண்கள் வலப்பக்கமாக ஒதுங்கி நிலைத்தன, வாய் எதையோ சப்புக்கொட்டியது, ஒரு கை வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. ஒன்றரை நிமிடம் இருக்கும். பிறகு துவண்டு தூங்கிப்போனான். டிசம்பரில் அதே கல்லில், அதே சனிக்கிழமைக் குளியலில், மறுபடியும் நடந்தது.

திருப்பூர் வீட்டில் ஒருநாளும் வராதது தோட்டத்தில் மட்டும் இரண்டு முறை வந்ததால், பழி தோட்டத்தின் மேல் விழுந்தது. கிணற்றடிக் கருப்பராயனுக்குக் கிடாய் வெட்டாமல் விட்ட கணக்கு பேசப்பட்டது. மந்திரித்த கயிறு ஒன்று அவன் இடுப்பில் ஏறியது. இனிப் பையனை அங்கே அனுப்ப வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயந்துபோயிருந்தார். ஆனால் அதைக் கேட்ட என் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எண்ணெய்தான் ஒத்துக்கொள்ளவில்லை, அரப்பு கண்ணில் இறங்கியிருக்கும் என்று அவரே தம்மைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது நாங்கள் போன மருத்துவமனையில் "கூட ஒருத்தர் மட்டும் வாங்க" என்றார்கள். நான் உள்ளே போனேன். இரண்டு முறையும் கண்ணெதிரே பார்த்த அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன், காய்ச்சல் வலிப்பைச் சொன்னேன், "மறுபடி ரெண்டு தடவை வந்திருச்சுங்க" என்றேன். குளிக்கும்போது என்று சொன்னேனா என்பது எனக்கே நினைவில்லை. எப்படி வந்தது என்று அவரும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்துச் சிரப்பும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுக்கச் சீட்டும் கையில் இருந்தன.

ஈஈஜி எடுக்கும் இடத்தில் சொன்ன முறைகள் இவை: முந்தின நாள் தலையை ஷாம்பு போட்டு அலச வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் பிசினும் மின்முனைகளும் ஒட்டாது, இரவு பன்னிரண்டு வரை விழிக்கவைத்து விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிவிட வேண்டும், அப்போதுதான் பரிசோதனையின்போது தூங்குவான். உதவிக்கு அம்மாவைத் திருப்பூருக்கு வரவழைத்திருந்தேன். சளி பிடித்திருந்ததால், வழக்கமாக நாங்கள் விளாவும் வெதுவெதுப்பைவிடச் சூடாகவே அம்மா தண்ணீர் வைத்து, ஷாம்பு நுரையை அலசத் தலையில் ஊற்றினார். அதே பார்வை, அதே சப்புக்கொட்டல். இந்த முறை என் கணவர் பதறினாலும் கைபேசியில் இருபது விநாடி படம் எடுத்துவிட்டார்.

பையன் தூங்கிய பிறகு அம்மா கூடத்தில் உட்கார்ந்து, அத்தையையும் வைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணியபடி சொன்னார்: "இன்னைக்கு எண்ணெயுமில்ல, அரப்புமில்ல, தோட்டமுமில்ல. சுடுதண்ணி ஒண்ணுதான் கண்ணு மூணு தடவையும் இருந்துது." அத்தை எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவராகவே பேரன் இடுப்பிலிருந்த கயிற்றை அறுத்து எடுத்துவிட்டார்.

ஈஈஜி இயல்பாக இருந்தது. தலையில் இருபதுக்கு மேற்பட்ட ஒயர்களோடு விளக்கு மின்னவிட்டுப் பார்த்தார்கள், காகிதத்தை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், தூங்கவைத்தும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இயல்பான ஈஈஜி வந்துவிட்டால் வலிப்பு நோயே இல்லை என்று நினைத்து மகிழ்கிற வீடுகள் உண்டு. நாங்களும் ஒரு பகல் முழுவதும் மகிழ்ந்தோம்.

கோவையில் நாங்கள் பார்த்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "வந்தபோது நேரில் பார்த்தவர் யார்?" என்பதுதான். அம்மாவை உள்ளே அழைத்து, மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். எத்தனையாவது சொம்பு, முதலில் தலையா உடம்பா, கண் எந்தப் பக்கம் போனது, முடிந்ததும் உடனே பேசினானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "இன்னும் ஊத்தச் சொல்லிக் கேட்டானாம்மா?" என்று அவர் கேட்டபோது அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், நாங்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை. கைபேசிப் படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, இதற்கு வென்னீர் வலிப்பு என்றே பெயர் உண்டு என்றார். சூடான நீரைத் தலையில் தொடர்ந்து ஊற்றும்போது சிலருடைய மூளையில் வலிப்பு தூண்டப்படுகிறது. தென்கர்நாடகத்தில், மைசூர்ப் பக்கத்தில், இது அதிகம் பதிவாகியிருக்கிறது. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு வலிப்பு தொடங்கும் நேரத்தில் ஓர் இன்பம்போலத் தோன்றி இன்னும் ஊற்றிக்கொள்ளத் தூண்டும். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈஈஜி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்று அவர் விளக்கினார்.

அதன் பிறகு நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். பிறந்தபோது கொடுத்த காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். நல்லவேளையாக, கிளம்பும்போது அம்மா பீரோவிலிருந்த உறையை அப்படியே பையில் போட்டிருந்தார். பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 4, ஐந்தாம் நிமிடத்தில் 7. இரண்டாம் நாள் சர்க்கரைக் குறைவால் நடுக்கம், பிடித்தால் நிற்கிறது, குளுக்கோஸுக்குப் பின் மறைந்தது. "இது வலிப்பே இல்லை. பிடித்தால் நிற்பது நடுக்கம், பிடித்தாலும் நிற்காதது வலிப்பு. அந்த நர்ஸ் தெளிவாக எழுதியிருக்கிறார்" என்றார். ஐந்தாம் நிமிடத்தில் 7 என்பது குழந்தை நன்றாகத் தேறிவிட்டதைக் காட்டுகிறது என்றும், தாமதமாக அழுததையும் இப்போது வருவதையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றும் அவர் சொன்னதை, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவிநாசி வரை கணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு எம்ஆர்ஐ மட்டும் எடுக்கச் சொன்னார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2,500 ரூபாய் கட்டி, தூக்க மருந்து கொடுத்து எடுத்தோம். குறை எதுவும் இல்லை. வால்ப்ரோயேட்டைப் படிப்படியாக நிறுத்தினார். குளியல் முறையை மாற்றச் சொன்னார்: நீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது, முதலில் உடம்புக்கு, கடைசியில் தலைக்கு, அதையும் ஊற்றாமல் ஈரத்துணியால் நனைத்து அலச வேண்டும். தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு குளோபசாம் மாத்திரை. அம்மா சந்தையில் ஒரு வெப்பமானி வாங்கிவரச் சொல்லி, அதை நம்பாமல் முழங்கையையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்.

ஓராண்டு அப்படியே போயிற்று. வென்னீர் வலிப்பு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் குளியலோடு தொடர்பில்லாமலும் வரலாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். 2024 பிப்ரவரியில் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது அது வந்தது, இந்த முறை உடல் முழுவதும் வெட்டியது. பள்ளியில் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்கப் பார்த்ததில் உதடு கிழிந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் வலிப்பு விவரத்தைப் பள்ளிக்குச் சொல்ல வேண்டாம் என்று மறைத்துவைத்தது நாங்கள்தான். மறுநாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வகுப்பாசிரியரிடம் கொடுத்தேன்: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கையில் இரும்பும் வாயில் எதுவும் வேண்டாம், தண்ணீர் புகட்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பையிலுள்ள மிடசோலம் மருந்தை மூக்கில் அடித்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். அவர் அதைத் தம் மேசை இழுப்பறைக்குள் ஒட்டிவைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து ஆக்ஸ்கார்பசிபைன் என்ற வலிப்பு மாத்திரை காலையும் இரவும். தொடக்க வாரங்களில் தோலில் தடிப்பு வருகிறதா என்று பார்க்கச் சொன்னதைத் தவிர, இதில் அவனுக்குத் தொந்தரவு இல்லை. பழைய சிரப்பு செய்த ஆட்டம் எதையும் இது செய்யவில்லை. வலிப்பில்லாமல் இரண்டு ஆண்டு நிறைந்த பிறகு குறைப்பதைப் பற்றிப் பேசலாம், இடையில் ஒரு வேளையும் விடக் கூடாது என்பது உத்தரவு. மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்பே வாங்கிவிடும் வேலையை அத்தை எடுத்துக்கொண்டார்.

மகனுக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் நீச்சல். ஆகஸ்டில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் அவன் வயதுப் பையன்கள் எல்லோரும் குதிக்கிறார்கள். இவன் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைக்கிறான். "வாய்க்கால் தண்ணி சில்லுன்னுதான இருக்குது, சுடுதண்ணியில்லீல்ல" என்று போன முறை மருத்துவரிடமே வழக்காடினான். மருந்தைக் குறைத்து முடிக்கும்வரை கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதற்கு இன்னும் எத்தனை மாதம் என்று வரும்போது காரில் அம்மிச்சியிடம் கணக்குப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.