ரைட்டிங்கில் மட்டும் 6: ஒழுங்காக ஒரு பத்தி எழுதப் பட்ட பாடு

லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் எதுவும் 7.5க்குக் குறையவில்லை. ரைட்டிங் மட்டும் 6. எனக்கு வேண்டியது 7. ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதிய பலருக்கும் பழக்கமான கதைதான் இது.

முதலில் ஓர் எச்சரிக்கை. மதிப்பெண்ணைப் பார்த்த கோபத்தில் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்கலாம், மதிப்பெண் கூடினால் கட்டிய பணம் திரும்ப வரும். எனக்கு 6 அப்படியே 6 ஆகத்தான் வந்தது, பணம் போனது போனதுதான். அடுத்து 'ஒன் ஸ்கில் ரீடேக்'. கணினியில் தேர்வு எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். ஆனால் இந்தச் சான்றிதழை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. நான் விண்ணப்பித்த இடத்தில் ஏற்கமாட்டோம் என்றார்கள். அந்த ஒரு வரிப் பதிலை வாங்குவதற்குள் மாற்றி மாற்றி எத்தனை மின்னஞ்சல்! உங்கள் மதிப்பெண்ணைப் பார்க்கப்போகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரி, எனக்கு நான்கு பகுதியும் மறுபடி என்று ஆயிற்று.

ரைட்டிங்குக்காகத் தனியாக ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு தாள் கொடுத்தார்கள். மோர்ஓவர், ஃபர்தர்மோர், நெவர்தலெஸ், இன் அடிஷன் என்று இரண்டு பக்கமும் நெருக்கி அச்சடித்த இணைப்புச் சொற்கள். வாக்கியத்துக்கு ஒன்றாவது வந்தாக வேண்டுமாம். எழுதிக் கொடுத்த கட்டுரை திரும்பி வரும்போது 'எ'யும் (a) 'தி'யும் (the) விட்டுப்போன இடமெல்லாம் சிவப்பு வட்டம் இருக்கும். கடைசியில் 'கோஹிரன்ஸ் போதாது', அதாவது தொடர்ச்சி போதாது என்று ஒரு குறிப்பு. எந்த இடத்தில் போதாது, எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால், "நிறைய எழுதுங்க, தானா வரும்" என்பார் பயிற்சியாளர். தானாக வருவதென்றால் நான் எதற்கு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன்?

வழி கிடைத்தது வேறு இடத்தில். திருத்துபவர்கள் எந்த அடிப்படையில் மதிப்பெண் போடுகிறார்கள் என்ற அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது. கட்டணம் கட்டிப் படிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத் தேடிப் படியுங்கள். நான்கு அளவுகோல்கள்: கேட்ட கேள்விக்குப் பதில், ஒழுங்கும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. அதாவது, 'எ'யும் 'தி'யும் அடங்கிய இலக்கணம் மொத்தத்தில் கால் பங்குதான். தொடர்ச்சிக்கான பகுதியைப் படித்தபோதுதான் எரிச்சல் தலைக்கேறியது. இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது பேண்ட் 5க்கான, அதாவது மதிப்பெண் 5க்கான அடையாளங்களில் ஒன்றாக அங்கே இருக்கிறது. உச்சமான பேண்ட் 9 என்றால் அந்த இணைப்பு கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்க வேண்டும். ஆக, எங்களுக்குக் கொடுத்த தாள் எங்களை எந்தத் திசையில் தள்ளியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பதில் முழுக்க மனப்பாடம் என்று நிரூபணமானால் பேண்ட் 0 என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. மனப்பாடம் செய்ய டெம்ப்ளேட் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அப்புறம் என் பழைய பத்தி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா என்று கேள்வி. முதல் வாக்கியம்: 'வீட்டிலிருந்து வேலை செய்வதில் பல நன்மைகள் இருக்கின்றன.' அடுத்து பயண நேரம் மிச்சம். மோர்ஓவர், குடும்பத்தோடு இருக்கலாம். ஃபர்தர்மோர், அலுவலக வாடகை குறையும். இன் அடிஷன், போக்குவரத்து நெரிசல் குறையும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தொழிலாளி, குடும்பம், முதலாளி, ஊர் என்று வரிக்கு ஒருவர் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருவரைப் பற்றியும் இரண்டாவது வாக்கியம் கிடையாது.

கோளாறு முதல் வாக்கியத்தில் இருந்தது. 'பல நன்மைகள் இருக்கின்றன' என்பது வாசல் கதவு இல்லாத வீடு, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதை இப்படி மாற்றினேன்: 'தினமும் நெடுந்தூரம் பயணம் செய்கிறவர்களுக்கு, வீட்டிலிருந்து வேலை செய்வது களைப்பைக் குறைத்து வேலையின் தரத்தைக் கூட்டும்.' உடனே வாடகையும் நெரிசலும் வெளியே போயின. குடும்பமும் போனது, அது வேறு பத்திக்கு. மிச்சமிருந்த ஒரே விஷயத்தை விளக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. பயணம் ஏன் களைப்பூட்டுகிறது, களைத்தவர் எந்த மாதிரி வேலையில் தப்பு செய்வார், அந்த நேரம் கையில் இருந்தால் என்ன மாறும் என்று எழுத எழுத, வாக்கியங்கள் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மோர்ஓவருக்கு வேலையே இல்லை.

பத்தி எதைப் பற்றியது என்று சொல்லும் இந்த வாக்கியத்துக்கு டாபிக் சென்டென்ஸ் என்று பெயர். அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதை மட்டும் நண்பர் ஒருவரிடம் காட்டி, அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள். "தெரியலையே, எது வேணா வரலாம்" என்றால் வாக்கியம் தேறவில்லை. திருப்பியும் செய்யலாம்: முதல் வாக்கியத்தை மறைத்து மீதியைக் காட்டி, மறைத்தது என்ன என்று ஊகிக்கச் சொல்லுங்கள். என் பழைய பத்திக்கு நண்பர் சொன்ன பதில்: "ஏதோ ஆபீஸ் பத்தி."

திட்டமிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரைட்டிங்கில் இரண்டு டாஸ்க். கட்டுரை எழுதும் இரண்டாவது டாஸ்க்குக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல். அதற்கு முதல் டாஸ்க்கைப் போல இரண்டு மடங்கு எடை. இதில் ஏழெட்டு நிமிடத்தை எழுதாமல் கழிப்பது என்றால் கை நடுங்கும். ஆனாலும் கழியுங்கள். என் குறிப்பு இவ்வளவுதான்: பத்திக்கு ஒரு முழு வாக்கியம், அதன் கீழே ஏன், எப்படி, எடுத்துக்காட்டாக யார் என்ற மூன்றுக்கும் இரண்டு இரண்டு சொல். சிலந்தி வலை மாதிரி படம் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. வலையில் எல்லாம் இருக்கும், எது முதலில் என்பது மட்டும் இருக்காது.

வாக்கியங்களுக்குள் வரிசை இன்னொரு தலைவலி. உதவியது ஒரு எளிய பழக்கம்: வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததில் வாக்கியத்தைத் தொடங்கி, புதியதில் முடிப்பது. ஒரு வாக்கியம் 'பயணத்தில் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது' என்று முடிந்தால், அடுத்தது 'அந்த இரண்டு மணி நேரம்' என்று தொடங்கட்டும். அதை விட்டுவிட்டு 'உடற்பயிற்சி, தூக்கம் போன்றவை' என்று தொடங்கினால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். 'கோஹிரன்ஸ் போதாது' என்று எனக்கு எழுதிய இடங்களில் முக்கால்வாசி இந்தத் தடுமாற்றம்தான். இதைப் பயிற்சியாளர் ஒரே ஒரு தடவை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தால் போதும்.

பாயின்ட், எவிடென்ஸ், எக்ஸ்பிளெனேஷன், லிங்க் என்று பத்தி எழுதச் சொல்லும் 'பீல்' சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். முதல் மூன்று உருப்படியானவை. கடைசி லிங்க்கை நான் பெரும்பாலும் விட்டுவிட்டேன். 'ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லது' என்று சொன்னதையே சொல்வதற்கு, விளக்கத்தில் ஒரு வரி கூட்டலாம். எவிடென்ஸ் என்றவுடன் 'ஓர் ஆய்வின்படி 70 சதவீதம்' என்று கற்பனைக் கணக்கு எழுதக் கற்றுத்தருகிறார்களே, அதற்கும் அவசியமே இல்லை. சொந்த அனுபவத்திலிருந்தோ தெரிந்ததிலிருந்தோ எடுத்துக்காட்டு தரலாம் என்று கேள்வித்தாளிலேயே போட்டிருக்கிறது.

டாபிக் சென்டென்ஸ் முதலில்தான் வர வேண்டுமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டு, பதில் கிடைக்காமல் போனது. பத்தியின் தொடக்கத்திலேயே பொருளைச் சொல்ல வேண்டும் என்ற விதியை 1866இல் எழுதி வைத்தவர் அலெக்சாண்டர் பெய்ன் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர். 1974இல் ரிச்சர்ட் பிராடக் என்ற ஆய்வாளர், தொழில்முறை எழுத்தாளர்களின் பத்திகளை எண்ணிப் பார்த்தார். அப்படித் தொடங்கியவை சுமார் 13 சதவீதம்தான். எனவே அது இயற்கை விதி ஒன்றும் இல்லை. ஆனாலும் தேர்வில் முதலிலேயே வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். 250 சொல்லில் வாசகரைக் காக்க வைக்க இடம் ஏது?

தேர்வு நாளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. கணினியில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்க மட்டும் எதுவும் கிடையாது. கடைசி ஐந்து நிமிடத்தைப் பிழை பார்க்க ஒதுக்கியிருந்தேன். அதில் ஒரு வாக்கியம் அடுத்த பத்திக்குச் சொந்தமானது என்று கண்ணில் பட, வெட்டி அங்கே ஒட்டினேன். தாளில் எழுதியிருந்தால் அம்புக்குறி போட்டு அசிங்கமாகியிருக்கும். மாற்றி மாற்றி எழுதும் பழக்கம் உள்ளவர்கள் கணினித் தேர்வையே எடுங்கள்.

ரைட்டிங் 7 வந்தது. லிசனிங்கில் அரை பேண்ட் இறங்கியது, அதனால் பாதகமில்லை. இணைப்புச் சொற்கள் தாளைக் கேட்டு வகுப்பில் கூடப் படித்தவர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். மதிப்பெண் அட்டவணையை அனுப்பி வைத்தேன்.