எண்ணெய்க் கொப்பரைக்குப் பின்னால் சிவப்பு சிலிண்டர்

தெரிந்தவர் ஒருவரின் முறுக்கு, மிக்சர் யூனிட்டுக்கு நேற்றுப் போயிருந்தேன். தீயணைப்பான் இருக்கா என்று கேட்டால், "நாலு இருக்குண்ணே" என்று பெருமையாகக் கூட்டிப்போனார்.

ஒன்று, எண்ணெய்க் கொப்பரைக்கு நேர் பின்னால் சுவரில். கொப்பரை பற்றிக்கொண்டால் தீயைத் தாண்டிப் போய்த்தான் அதை எடுக்க வேண்டும்! வாசலுக்குப் போகும் வழியில், ஓடும்போது கைக்கு எட்டுகிற மாதிரி மாட்டுங்கள் என்றேன். இன்னொன்று கடலைமாவு மூட்டைகளுக்குள் புதைந்து கிடந்தது. மூன்றாவது பாத்திரம் கழுவுகிற ஈரத்தரையில், அடிப்பாகம் துருப்பிடித்து. நாலாவது கதவுக்கு முட்டு, அதைப் பற்றி என்ன சொல்ல.

இதைவிடப் பெரிய விஷயம், நாலுமே பவுடர் வகை. பவுடர் எண்ணெயின் சூட்டை இறக்காது, அணைந்த மாதிரி இருந்துவிட்டுத் திரும்பப் பிடிக்கும், அப்புறம் பக்கத்திலிருக்கும் சரக்கு முழுக்கப் பவுடர் படிந்து அவ்வளவையும் கொட்ட வேண்டியதுதான். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே பொட்டாசியம் உப்புக் கரைசல் நிரப்பிய வெட் கெமிக்கல் வகை இருக்கிறது. எண்ணெயோடு சேர்ந்து மேலே சோப்பு நுரைபோலப் படலம் கட்டும், சூட்டையும் தணிக்கும். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. உள்ளே போனதும் நீராவியாகி சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயைத் தூக்கி அடிக்கும்.

"திங்கட்கிழமை மாத்திடுறேண்ணே" என்றார். சரி, இங்கே பின்னை இழுத்து இதை அடிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டேன். எல்லோரும் வேன் டிரைவரைப் பார்த்தார்கள், அவர் அன்றைக்கு லீவு.