தில்லியில் கூடும் பழைய மாணவியர்

மதுரையிலோ திருச்சியிலோ பாளையங்கோட்டையிலோ மகளிர் கல்லூரியில் படித்து, திருமணத்தாலோ வேலையாலோ தில்லிக்கு வந்து சேர்ந்த பெண்களுக்குத் தாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவியர் சங்கம் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை வரும் அழைப்பிதழாகவே நின்றுவிடுகிறது. விழா அங்கே நடக்கும். நாம் இங்கே இருப்போம். ரயிலில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஒரு மதிய விருந்துக்குப் போய்வர எத்தனை பேரால் முடியும்?

அதனால்தான் எங்கள் தொடர்பு கல்லூரி வழியாக வளராமல், ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வளர்ந்தது. 1946இல் தொடங்கப்பட்ட அச்சங்கத்தின் நிகழ்ச்சிகளுக்கு வந்த பெண்கள், இடைவேளையில் காபி குடித்தபடி எந்தக் காலேஜ், எந்த ஹாஸ்டல் என்று விசாரித்துக்கொண்டதில் உருவான குழு இது. ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள் என்று பார்த்தால் எண்ணிக்கை போதாது என்பதால், கல்லூரிப் பாகுபாடு பார்க்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம். நான் படித்த லேடி டோக் 1948இல் தோன்றியது. 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர்கள் அதை நேற்றுப் பிறந்த கல்லூரி என்று கேலி செய்வார்கள். 1895ஐச் சொல்லிப் பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரிக்காரர்கள் அவர்கள் வாயை அடைப்பார்கள். ஆனால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மூத்தவர் அக்காதான். பணி ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்தவரையும் முப்பது வயதுப் பெண் தயங்காமல் அக்கா என்றே அழைக்கிறாள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள சொராரிட்டி எனும் மாணவியர் அமைப்புகளைப் பற்றிப் படித்தபோது, அங்கும் இதே ஏற்பாடு இருப்பதைக் கண்டு வியந்தேன். படிக்கும் காலத்தில் ஒன்றோடொன்று போட்டியிடும் அந்த அமைப்புகள் 1902இல் ஒரு பொதுப் பேரவையை ஏற்படுத்திக்கொண்டன. படிப்பு முடிந்து ஓர் ஊரில் குடியேறும் பெண்கள் தத்தம் அமைப்பின் உள்ளூர்க் கிளையில் மட்டுமன்றி, பல அமைப்பினரும் கலந்த அவ்வூர்ச் சங்கத்திலும் சேர்ந்து, மாணவியருக்கு உதவித்தொகை திரட்டுகிறார்கள். வெள்ளையர் அமைப்புகளில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவியர் 1908இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஊர்தோறும் கிளைகள் உண்டு. கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். 2020இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தம் குடும்பம் என்று சொன்னவற்றுள் அதையும் சேர்த்தே சொன்னார். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் படித்தது இதே தில்லியில், மண்டி ஹவுஸுக்கு அருகில் இருக்கும் லேடி இர்வின் கல்லூரியில்.

அவர்களிடம் இருக்கும் சந்தாவும் உறுதிமொழிச் சடங்கும் எங்களிடம் இல்லை. தில்லியின் இயல்பு வேறு. மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களின் குடும்பங்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடும் என்பதால், பொறுப்பு முழுவதையும் ஒருவரிடமே விட்டுவைத்தால் அவருடைய மாற்றல் உத்தரவோடு குழுவும் கலைந்துவிடும். ஆகவே வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த இருவர், ராமகிருஷ்ணபுரத்தில் ஒருவரும் மயூர் விஹாரில் ஒருவரும் என்பதுபோல, தொலைபேசி எண்கள் எழுதிய நோட்டை ஆளுக்கொரு பிரதியாக வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விதியாக்கினோம். வாட்ஸப் குழு இருக்கும்போது நோட்டு எதற்கு என்று இளையவர்கள் கேட்பதுண்டு. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அவசரத்துக்கு ஓர் எண்ணைத் தேடிப் பார்த்தவர்கள் கேட்பதில்லை.

ஆண்டு விருந்து, பட்டிமன்றம் ஆகியவை இனிமையானவைதான். ஆனால் குழு நிலைத்திருப்பதற்கு அவை காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஐ.ஏ.எஸ். பயிற்சிக்காகப் பழைய ராஜிந்தர் நகருக்கு வரும் பெண்ணுக்கு நம்பகமான அறை பார்த்துக் கொடுப்பதும், மாற்றலில் வந்த குடும்பத்துக்கு தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் எது வீட்டுக்கு அருகில் என்று சொல்வதும்தான் எங்களைப் பிணைத்து வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும்விட எய்ம்ஸ் வேலைதான் பெரிது. தமிழகத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பம், எந்தச் சீட்டை எந்தக் கவுண்டரில் காட்டுவது என்று இந்தியில் கேட்கத் தெரியாமல் புறநோயாளிகள் பகுதியில் திகைத்து நிற்கும்போது, உடன் நிற்க ஒருவர் போனால் அரை நாள் அலைச்சல் மிச்சமாகிறது. முறை வைத்துக்கொண்டு போகிறோம். போகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற அக்காமார்கள்.

இப்போது எங்களுக்குள் ஒரு வாதம் நடந்துகொண்டிருக்கிறது. கரோல் பாகிலும் லோதி காலனியிலும் வளர்ந்து, லேடி இர்வின் போன்ற தில்லிக் கல்லூரிகளிலேயே படித்த தமிழ்ப் பெண்களைச் சேர்ப்பதா என்பது அது. ஊரை விட்டு வந்த தவிப்பு அவர்களுக்கு இல்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். சேர்க்க வேண்டும் என்பதே என் கட்சி: எங்கள் இந்தி காய்கறிக் கடை வரைதான் செல்லும், எய்ம்ஸ் கவுண்டரில் எதிர்க்கேள்வி கேட்க அவர்களால்தான் முடியும்.